போனுக்கு எந்த பிரவுசர்? தனியுரிமையும் வேண்டும், வசதியும் வேண்டும் என்பவர்களுக்கு

கேள்வி இதுதான்: "போனோடு வந்த குரோமைத்தான் இத்தனை நாளும் பயன்படுத்தி வருகிறேன். ஒரு பொருளை ஒருமுறை தேடிவிட்டால் போதும், அடுத்த நாளிலிருந்து போகிற பக்கமெல்லாம் அது விளம்பரமாக வந்து நிற்கிறது. வேறு பிரவுசருக்கு மாறலாம் என்றால் ஒருவர் பிரேவ் என்கிறார், ஒருவர் ஃபயர்ஃபாக்ஸ் என்கிறார், இன்னொருவர் எல்லாம் ஒன்றுதான் என்கிறார். வங்கி வேலை கெடக்கூடாது, படிக்கவும் வசதியாக இருக்கவேண்டும். எதை எடுப்பது?"

அவசரத்தில் இருப்பவர்களுக்காகப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு போனில், செட்டிங்ஸுக்குள் போய்த் துழாவப் பொறுமை இல்லை என்றால் பிரேவ். பத்து நிமிடம் உட்கார முடியும் என்றால் ஃபயர்ஃபாக்ஸ், அதில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல். ஐபோன் என்றால் சஃபாரியை விட்டு ஓடவேண்டிய அவசியமே இல்லை. ஒரு விளம்பரத் தடுப்பானைச் சேர்த்துக்கொண்டால் போதும். குரோமை ஒரேயடியாக ஒழித்துக்கட்ட வேண்டாம். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, கீழே வருகிறேன்.

இனி காரணங்கள். இவை தெரிந்தால்தான் நாளைக்கு ஒரு புது பிரவுசர் வந்து "நாங்கள்தான் பாதுகாப்பு" என்று கூவும்போது நீங்களே எடைபோட முடியும்.

தனியுரிமை என்று பொதுவாகச் சொல்லும்போது நாலைந்து வேறு வேறு ஆட்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். உங்கள் போனை வாங்கிப் பார்க்கும் வீட்டு ஆள் ஒருவர். இணைய இணைப்புத் தரும் நிறுவனமோ, பொது வைஃபையை நடத்துகிறவரோ இன்னொருவர். நீங்கள் போகிற தளம். அந்தத் தளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் விளம்பர நிறுவனங்கள். கடைசியாக, பிரவுசரைச் செய்து கொடுத்தவரே. இவர்களில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பூட்டு தேவை. எல்லாவற்றையும் ஒரே பூட்டால் பூட்டும் பிரவுசர் கிடையாது.

இன்காக்னிட்டோ, அதாவது குரோமில் வரலாறு சேராமல் திறக்கும் தனிச் சன்னல், இந்த விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். அது மேலே சொன்னவர்களில் முதல் ஆளுக்கு மட்டுமான பூட்டு. சன்னலை மூடியதும் வரலாறும் குக்கீகளும் உங்கள் போனிலிருந்து அழிகின்றன, அவ்வளவே. நீங்கள் போன தளத்துக்கும், இணைப்புத் தருபவருக்கும் நீங்கள் வந்துபோனது தெரியும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஏமாந்தது நாம் மட்டுமில்லை. குரோமின் இன்காக்னிட்டோவில் இருக்கும்போதும் கூகுள் தரவு சேகரித்தது என்று அமெரிக்காவில் 2020இல் வழக்குப் போட்டார்கள். 2024இல் சமரசம் ஆனது. சேர்த்துவைத்த பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்கவும், இன்காக்னிட்டோ பக்கத்தில் வரும் எச்சரிக்கை வாசகத்தைத் திருத்தவும் கூகுள் ஒப்புக்கொண்டது. அந்த வாசகத்தை இப்போது ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் படித்ததே இல்லை.

சரி, உங்களைத் துரத்தும் விளம்பரத்துக்கு வருவோம். அது நாலாவது ஆளின் வேலை. குக்கீ என்பது 1994இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி கொண்டுவந்தது. ஒரு தளம் உங்களை அடுத்த முறை அடையாளம் கண்டுகொள்ளத் தரும் டோக்கன் மாதிரி. அதில் தவறில்லை, அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாக லாகின் செய்துகொண்டிருப்போம். சிக்கல் எங்கே வந்தது என்றால், நீங்கள் படிக்கும் செய்திப் பக்கத்துக்குள் விளம்பர நிறுவனத்தின் சின்னத் துண்டு ஒன்று இருக்கும், அதுவும் தன் டோக்கனைக் கொடுக்கும். அடுத்து நீங்கள் காலணி பார்க்கப் போகிற தளத்திலும் அதே நிறுவனத்தின் துண்டு இருக்கும், டோக்கனைக் காட்டச் சொல்லும். "ஓ, செய்தி படித்த அதே ஆள்தானே" என்று குறித்துக்கொள்ளும். இப்படி ஆயிரம் தளத்தில் ஆள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு உங்கள் நாள் முழுவதும் கோவையாகக் கிடைத்துவிடுகிறது. இதற்குத்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ என்று பெயர்.

இதை யார் எப்போது நிறுத்தினார்கள் என்று பார்த்தாலே பிரவுசர்களின் குணம் பாதி விளங்கிவிடும். சஃபாரி 2017இலேயே இதற்கு வேலி போடத் தொடங்கி, 2020 மார்ச்சில் முழுதாக அடைத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2019இல் அறியப்பட்ட டிராக்கர்களின், அதாவது தளம் தளமாகப் பின்தொடரும் இந்தத் துண்டுகளின், குக்கீகளைத் தானாகவே தடுக்க ஆரம்பித்து, பிறகு ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் போட்டுவைக்கும் முறைக்கு மாறியது. ஒரு தளத்தில் கொடுத்த டோக்கன் இன்னொரு தளத்தில் செல்லாது. பிரேவ் பிறந்ததே இந்தத் தடுப்போடுதான். குரோம்? 2020 ஜனவரியில் "இரண்டு ஆண்டுக்குள் எடுத்துவிடுகிறோம்" என்றது. பிறகு தள்ளிப்போட்டது, இன்னும் தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. 2025 ஏப்ரலில், தனியாகக் கேட்டு அனுமதி வாங்கும் சன்னல்கூட வராது என்று முடித்துக்கொண்டது.

ஏன் என்று கேட்டால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. குரோமைச் செய்பவருக்குச் சோறு போடுவது விளம்பரம். பிரவுசர் எல்லாமே இலவசம்தான். ஆகவே யாரோ ஒருவர் எங்கோ காசு கொடுக்கிறார். அந்த ஆள் யார் என்பதுதான் நான் எந்த பிரவுசரைப் பற்றியும் கேட்கும் முதல் கேள்வி. ஆப்பிள் போனை விற்று வாழ்கிறது, ஆகவே விளம்பரக்காரரின் வாலை நறுக்க அதற்குத் தயக்கம் இல்லை. ஆனால் சஃபாரியில் கூகுளே முதல் தேடுபொறியாக இருப்பதற்காக 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது சுமார் 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்திலும் பெரும்பகுதி அதே கூகுள் கொடுக்கும் தேடல் ஒப்பந்தப் பணம்தான். பிரேவ் தன் சொந்த விளம்பரங்கள், தேடல், வி.பி.என். சந்தா என்று பிழைக்கிறது. அப்பழுக்கில்லாத பணம் யாரிடமும் இல்லை. யாருடைய பணம் உங்கள் நலனோடு குறைவாக மோதுகிறது என்பதைத்தான் பார்க்க முடியும்.

குக்கீயை அடைத்துவிட்டால் கதை முடிந்ததா என்றால், இல்லை. திரையின் அளவு, மொழி, நேர மண்டலம், எழுத்துருக்கள், படம் வரையும் சிப்பின் குணம் என்று உங்கள் கருவி தானாகவே உளறும் விஷயங்களைச் சேர்த்துவைத்தே ஆளை அடையாளம் காணலாம். கைரேகை எடுப்பது என்று இதைச் சொல்வார்கள். 2010இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு சுமார் 4,70,000 பிரவுசர்களைச் சோதித்ததில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் தெரிந்தன. அவற்றில் பெரும்பாலானவை கணினிகள். போனில் நிலைமை கொஞ்சம் தேவலை என்பேன். ஒரே மாடல் போன்கள் லட்சக்கணக்கில் ஒரே திரை, ஒரே சிப், ஒரே எழுத்துருக்களோடு வருவதால் கூட்டத்தில் மறைவது எளிது. ஆண்ட்ராய்டு குரோம்கூட இப்போது தளங்களிடம் தன்னை அறிமுகப்படுத்தும்போது உண்மை மாடலைச் சொல்லாமல் எல்லாப் போனையும் "ஆண்ட்ராய்டு 10, கே" என்றே சொல்கிறது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு: தனியுரிமை ஆர்வத்தில் பத்து எக்ஸ்டென்ஷன் போட்டு, எழுத்துருவை மாற்றி, அபூர்வமான செட்டிங்குகளைத் தட்டிவைப்பவர் கூட்டத்தில் தனியாகத் தெரிய ஆரம்பிக்கிறார். முகமூடி போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி. தடுப்பான் ஒன்று போதும், அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

இனி ஆள் ஆளாகப் பார்ப்போம். முதலில் ஐபோன்காரர்களை அனுப்பிவைத்துவிடுகிறேன், ஏனென்றால் அவர்களுக்குத் தேர்வு குறைவு. ஐபோனில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் உள்ளே பக்கத்தை வரைவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்தான். அது ஆப்பிளின் விதி. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் சட்டத்தின் கட்டாயத்தால் அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஆகவே ஐபோன் ஃபயர்ஃபாக்ஸும் ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸும் பெயரளவில்தான் உறவினர்கள்; ஐபோன் ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. சஃபாரியிலோ 2021இல் வந்த ஐ.ஓ.எஸ். 15 முதல் எக்ஸ்டென்ஷன் போடலாம். ஒரு நல்ல விளம்பரத் தடுப்பானை நிறுவி, செட்டிங்ஸில் சஃபாரிக்குக் கீழே அதை இயக்கிவிட்டு, டிராக்கர்களிடமிருந்து ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்ணை, மறைக்கும் வசதி இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தது. எல்லாம் தானாகவே தடுக்கப்படவேண்டும், எதையும் இயக்கிக்கொண்டிருக்க முடியாது என்றால் பிரேவ் போட்டுக்கொள்ளுங்கள். 2020 முதல் ஐபோனில் முதன்மை பிரவுசரை மாற்றிக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டில்தான் உண்மையான போட்டி.

பிரேவ் குரோமியம் என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலக் குறியீட்டின் மேல் கட்டியது. அதே குறியீட்டில்தான் குரோமும் இருக்கிறது. அதனால் குரோமில் திறக்கும் பக்கம் பிரேவிலும் திறக்கும். பழக்கமும் பெரிதாக மாற்றவேண்டாம். தொடங்கியவர்களில் ஒருவர் பிரெண்டன் ஐக், 1995இல் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கியவர். நிறுவித் திறந்த நிமிடத்திலேயே விளம்பரமும் டிராக்கர்களும் அடைபடும், பக்கங்கள் சட்டென்று திறக்கும். மாறிய முதல் நாளே வித்தியாசம் தெரிவது இதில்தான். குறை இல்லாமல் இல்லை. 2020இல், கிரிப்டோ வர்த்தகத் தளங்களின் முகவரியைத் தட்டச்சு செய்யும்போது தனக்குக் கமிஷன் வரும் இணைப்பாக அதை முடித்துக்கொடுத்து மாட்டிக்கொண்டது, பிறகு மன்னிப்புக் கேட்டு எடுத்தது. புது டேபில் ஸ்பான்சர் படங்கள், வெகுமதி நாணயம், வாலட் என்று சந்தைக் கடை மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. முதல் நாளே செட்டிங்ஸில் போய் அதையெல்லாம் மறைத்துவிட்டால் அமைதியான பிரவுசர் ஒன்று மிஞ்சும்.

ஃபயர்ஃபாக்ஸ் வேறு வம்சம். கெக்கோ என்ற சொந்த எஞ்சின். போன் உலகில் குரோமியமும் வெப்கிட்டும் இல்லாமல் பெரிதாக நிற்பது இது ஒன்றுதான். அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, நானும் கொஞ்சம் அந்த ரகம். ஆண்ட்ராய்டில் 2020இல் இதை அடியோடு மாற்றி எழுதினார்கள். அப்போது எக்ஸ்டென்ஷன்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிப் பலரும் கோபித்துக்கொண்டு போனார்கள். 2023 டிசம்பரில் கதவை மறுபடி அகலத் திறந்தார்கள். இதன் பெரிய பலம் யூபிளாக் ஆரிஜின். கணினிக் குரோமில் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதால் வெளியேற்றப்பட்ட அதே தடுப்பான், இங்கே முழுப் பலத்தோடு போனில் ஓடுகிறது. ஆண்ட்ராய்டுக் குரோமில் எக்ஸ்டென்ஷன் என்ற பேச்சே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்கும் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, ஒரு தளத்தின் குறியீடு இன்னொரு தளத்தின் நினைவகத்தைத் தொடாதபடி தனித்தனி அறையில் அடைக்கும் பாதுகாப்பில் ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸ் நீண்ட காலம் குரோமியத்துக்குப் பின்னால்தான் இருந்தது. பாதுகாப்பு வல்லுநர்களில் ஒரு சாரார் இதனாலேயே குரோமிய வகையைப் பரிந்துரைப்பார்கள். தனியுரிமையும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதை இந்த இடத்தில் நன்றாகப் பார்க்கலாம்: யார் உங்களைப் பின்தொடர்கிறார் என்பது ஒரு கேள்வி, யார் உள்ளே புகுந்து திருட முடியும் என்பது வேறு கேள்வி. இரண்டு, 2025 பிப்ரவரியில் மொஸில்லா தன் பயன்பாட்டு விதிகளை மாற்றியபோது, உங்கள் தரவை ஒருபோதும் விற்கமாட்டோம் என்ற பழைய வாக்குறுதியின் வாசகம் காணாமல் போனது. கூச்சல் எழுந்ததும் விதிகளைத் திருத்தி எழுதி விளக்கம் கொடுத்தார்கள். விசுவாசிகளுக்கு மனம் கசந்த நாள் அது. இருந்தாலும் நிறுவியதும் செட்டிங்ஸில் தரவு சேகரிப்பு என்ற பகுதிக்குப் போய் எல்லாவற்றையும் அணைத்துவிட முடிகிறது. அந்தச் சுதந்திரம் இருக்கும்வரை நான் இதில் இருக்கிறேன்.

டக்டக்கோ செயலியும் நல்ல தேர்வே. செட்டிங்ஸ் குறைவு, ஒரு நெருப்புப் பொத்தானை அழுத்தினால் டேபும் தடயமும் மொத்தமாக எரிந்துபோகும். 2022 மே மாதம் ஒரு ஆய்வாளர், இது மைக்ரோசாஃப்டின் சில டிராக்கர்களை மட்டும் விட்டுவைப்பதைக் கண்டுபிடித்தார். தேடலுக்காக மைக்ரோசாஃப்டோடு போட்ட ஒப்பந்தம்தான் காரணம் என்று தெரியவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதைச் சரிசெய்தார்கள். நான் மேலே "காசு யாருடையது" என்று கேட்டது இதற்காகத்தான்.

சாம்சங் இன்டர்நெட்டைப் பலர் கண்டுகொள்வதில்லை. மற்ற ஆண்ட்ராய்டு போன்களிலும் போடலாம். கையாள்வதற்கு இதைவிடச் சுகமான பிரவுசர் குறைவு, தடுப்பான்களையும் சேர்க்கலாம். குரோமியத்தின் புதிய பதிப்புகள் இதற்கு வந்து சேரச் சற்றுத் தாமதமாகும், அது ஒன்றுதான் எனக்கு உறுத்தல். விவால்டி, டேபுகளை நிறையத் திறந்துவைப்பவர்களுக்குப் பிடிக்கும். ஃபயர்ஃபாக்ஸ் ஃபோக்கஸ், ஏதோ ஒன்றைச் சட்டென்று தேடிவிட்டு அழித்துவிட மட்டும் நல்லது. டார் பிரவுசர் தனி ரகம். உங்கள் இணையப் போக்குவரத்தை நடுவில் இருக்கும் மூன்று கணினிகள் வழியாகச் சுற்றிவிட்டு நீங்கள் யார் என்பதையே மறைக்கும். வேகம் குறையும், பல தளங்கள் சந்தேகப்பட்டுக் கதவை மூடும். உயிருக்கோ வேலைக்கோ ஆபத்துள்ள செய்தியாளர், செயற்பாட்டாளர் போன்றவர்களுக்கானது அது. டாரில் போய் உங்கள் சொந்தப் பெயர்க் கணக்கில் லாகின் செய்தால் சுற்றிய சுற்றெல்லாம் வீண்.

டேட்டாவை மிச்சப்படுத்தும் என்று சொல்லும் பிரவுசர்களில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஓபரா மினி போன்றவை பக்கத்தைத் தங்கள் சர்வரில் வாங்கிச் சுருக்கித்தான் உங்களுக்கு அனுப்புகின்றன. நடுவில் இன்னொருவர் உட்கார்ந்து படிக்கிறார் என்று அர்த்தம். வங்கி வேலைக்கு அந்த முறை வேண்டாம். இதைவிட மோசமான உதாரணம் யூசி பிரவுசர்: டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015இல் சோதித்தபோது, தேடல் சொற்களும் இருப்பிடம் சார்ந்த விவரங்களும் சரியான மறையாக்கம் (நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டுவது) இல்லாமலே வெளியே போய்க்கொண்டிருந்தன. டேட்டாவை மிச்சப்படுத்த நல்ல வழி விளம்பரத்தைத் தடுப்பதுதான், நடுவில் ஆளை உட்காரவைப்பது அல்ல.

அப்புறம், ஒருவரோ இருவரோ ஓய்வு நேரத்தில் நடத்தும் சின்ன பிரவுசர்கள். இவற்றின் மேல் எனக்குப் பிரியம் உண்டு, சூடும் பட்டிருக்கிறேன். அப்படி ஒன்றை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்தேன். ஒருநாள் நிறுத்திவிட்டோம் என்று ஒரு வரி வந்தது. புக்மார்க்குகளை வெளியே எடுக்கும் வழிகூட அதில் இல்லை, உட்கார்ந்து கையால் நகல் எடுத்தேன். பொதுவாகவே இந்த வகையின் ஆயுள் குறைவு: பலர் புகழ்ந்த ப்ரோமைட்டின் புதிய பதிப்புகள் 2022 கடைசியோடு நின்றன, முல் 2024 டிசம்பரில் முடிந்தது, எக்ஸ்டென்ஷன்களுக்குப் பேர்போன கிவி 2025 ஜனவரியில் விடைபெற்றது. வாரிசுகள் வருகிறார்கள், க்ரோமைட், அயர்ன்ஃபாக்ஸ் என்று. ஆனால் பிரவுசர் என்பது உலகத்தில் யார் யாரோ எழுதிய குறியீட்டை நாள் முழுக்க உங்கள் போனில் ஓட்டும் செயலி. ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட சில நாட்களுக்குள் அடைப்பு வரவில்லை என்றால், எவ்வளவு கண்ணியமான பிரவுசரும் திறந்த வீடுதான். எதை எடுத்தாலும், கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் நான் தொடமாட்டேன்.

வசதியைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் பெரும்பாலான மாற்றங்கள் இங்கேதான் தோற்கின்றன. வீட்டில் பெரியவர் ஒருவருக்கு நான் மிகக் கறாரான ஒரு பிரவுசரை எல்லாப் பூட்டையும் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் பழையதற்கே போய்விட்டார். "ஒவ்வொரு தடவையும் உள்ளே போக ஓடிபி கேட்கிறது, எழுத்து சின்னதாக இருக்கிறது" என்றார். மூடும்போதெல்லாம் குக்கீயை அழிக்கும்படி நான் வைத்திருந்ததுதான் காரணம். தப்பு என்னுடையது. பயன்படுத்தாத பூட்டு எதையும் காப்பதில்லை.

ஆகவே போனைக் கையில் வைத்து இவற்றைப் பாருங்கள். முகவரிப் பட்டை கட்டைவிரல் எட்டும் இடத்தில், அதாவது கீழே, வைக்க முடிகிறதா? ஃபயர்ஃபாக்ஸில் 2020இலிருந்தே முடியும், சஃபாரி 2021இல் கீழே கொண்டுவந்தது, ஆண்ட்ராய்டுக் குரோமுக்கு 2025இல்தான் வந்தது. பெரிய திரையில் ஒரு கையால் பயன்படுத்துபவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் தமிழ் எழுத்துகள் வரி உடையாமல் வருகின்றனவா? பெரிதாக்க அனுமதிக்காத தளங்களையும் விரலால் பெரிதாக்கும் அமைப்பு அணுகல்தன்மைப் பகுதியில் இருக்கிறதா? சிதறலான செய்திப் பக்கத்தை வெறும் எழுத்தாக மாற்றித்தரும் வாசிப்பு முறை ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் அருமையாக இருக்கும். நீண்ட கட்டுரை படிக்கிறவர்களுக்கு இந்த ஒன்றே முடிவெடுக்கப் போதுமான காரணம்.

கணினியோடு இணைப்பதும் முக்கியம். ஃபயர்ஃபாக்ஸின் சிங்க் முழுவதும் மறையாக்கம் செய்தே போகிறது, மொஸில்லாவால் அதைப் படிக்க முடியாது. பிரேவில் கணக்கே திறக்க வேண்டாம். சொற்களின் வரிசை ஒன்றையோ கியூஆர் கட்டத்தையோ கொண்டு கருவிகளை இணைத்துக்கொள்ளலாம், அந்தச் சொற்களைத் தொலைத்தால் உங்கள் பாடு. குரோமில் எல்லாத் தரவும் அந்த அளவுக்கு மறைந்து போகவேண்டும் என்றால் தனியாக ஒரு கடவுத்தொடர் வைக்கவேண்டும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கடவுச்சொற்களை பிரவுசருக்குள் பூட்டிவைக்காமல் தனிக் கடவுச்சொல் மேலாளரில் வைத்தால், நாளைக்கு பிரவுசர் மாறுவது சட்டை மாற்றுவது போல எளிது.

இப்போது வங்கி. தடுப்பான்கள் சில நேரம் பணம் செலுத்தும் பக்கத்தையும் உடைத்துவிடும். வங்கிப் பக்கத்திலிருந்து ஓடிபி பக்கத்துக்குத் தாவும்போது வெள்ளைத் திரை வந்து நின்றால் பிரவுசரையே வெறுத்துவிடாதீர்கள். முகவரிப் பட்டையில், பிரேவில் என்றால் சிங்க முகப் படத்தையும், ஃபயர்ஃபாக்ஸில் என்றால் கேடயப் படத்தையும் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைக்கலாம். நான் செய்வது இன்னும் சோம்பேறித்தனமானது: குரோமை இதற்கென்றே வைத்திருக்கிறேன். வங்கி, கட்டணம், அரசாங்கப் படிவம் மூன்றும் அதில், மற்றதெல்லாம் ஃபயர்ஃபாக்ஸில். குரோம் என்னைப் பார்க்கும்போது நான் எப்போதும் பில் கட்டிக்கொண்டிருப்பேன். என்னைப் பற்றி அது தெரிந்துகொள்ளவேண்டியது அவ்வளவுதான். ஆனால் குரோமுக்குள் கூகுள் கணக்கில் லாகின் செய்து சிங்கை இயக்கிவைத்தால் இந்தப் பிரிப்பில் பாதிப் பயன் போய்விடும்.

பிரவுசரை மாற்றியும் விளம்பரம் துரத்துகிறதே என்று சிலர் கேட்பார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் பிரவுசருக்கு வெளியே. சமூக ஊடகச் செயலியில் ஒரு இணைப்பைத் தொட்டால் பக்கம் உங்கள் பிரவுசரில் திறப்பதில்லை. அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் திறக்கிறது. உங்கள் தடுப்பான் அங்கே இல்லை. 2022இல் ஃபெலிக்ஸ் கிராவுஸே என்ற மென்பொருளாளர், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக் செயலிகள் இப்படித் திறக்கும் பக்கங்களில் தங்கள் குறியீட்டைச் செருகுவதைக் காட்டினார். அந்தச் செயலிகளின் அமைப்பில் வெளி பிரவுசரில் திற என்ற வழி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லாவிட்டால் மூன்று புள்ளியைத் தொட்டு ஒவ்வொரு முறையும் வெளியே கொண்டுவாருங்கள்.

இதைவிட என்னை அதிரவைத்தது 2025 ஜூனில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்று. ஆண்ட்ராய்டில் பின்னணியில் இருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் போனுக்குள்ளேயே ஒரு வாசலைத் திறந்துவைத்துக் காத்திருந்தன. இந்தச் செயலிகளின் சொந்தக்காரரான மெட்டா, மற்ற தளங்களில் வருபவர்களைக் கவனிக்கப் பிக்சல் என்ற கண்காணிப்புத் துண்டை வைக்கிறது; நீங்கள் பிரவுசரில் அது உள்ள எந்தத் தளத்துக்குப் போனாலும், அந்தப் பக்கத்தில் இருக்கும் குறியீடு போனுக்குள்ளேயே அந்த வாசல் வழியாகச் செயலியிடம் குக்கீயை ஒப்படைத்தது. இன்காக்னிட்டோவில் இருந்தாலும் சரி, குக்கீயை அழித்திருந்தாலும் சரி, செயலியில் லாகின் ஆகியிருக்கும் பெயர் கைவசம் இருக்கிறதே! ரஷ்யத் தேடுபொறி நிறுவனமான யாண்டெக்ஸின் செயலிகள் இதே வேலையை 2017 முதலே செய்துவந்தன. விஷயம் வெளியானதும் மெட்டா நிறுத்திக்கொண்டது. பிரேவ் இதில் அகப்படவில்லை. போனுக்குள் இருக்கும் வாசல்களைத் தளங்கள் அனுமதியின்றித் தட்டக்கூடாது என்று அது 2022 முதலே அடைத்துவைத்திருந்தது. நான் பிரேவின் நாணயக் கடையைப் பொறுத்துக்கொண்டு பரிந்துரைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தேவையில்லாத செயலியை நீக்கிவிட்டு அதன் தளத்தை பிரவுசரில் பயன்படுத்துவது இன்னும் நல்ல மருந்து.

எதை நிறுவினாலும் முதல் நாளில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். எப்போதும் பாதுகாப்பான இணைப்பை, அதாவது எச்.டி.டி.பி.எஸ்.ஸை மட்டும் பயன்படுத்தும் அமைப்பை இயக்குங்கள். தளங்கள் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்பதை மொத்தமாக மறுத்துவிடுங்கள். மோசடி விளம்பரங்களில் பாதி இந்த வழியாகத்தான் போனுக்குள் வருகிறது என்று என் அனுபவத்தில் சொல்வேன். இருப்பிட அனுமதியை, பயன்படுத்தும்போது மட்டும், தோராயமாக மட்டும் என்று வையுங்கள். தேடுபொறியை மாற்ற மறக்காதீர்கள். பிரவுசரை மாற்றிவிட்டு அதே கூகுளில் அதே கணக்கோடு தேடினால், தேடியது அத்தனையும் பழைய இடத்துக்கே போகும். மோசடித் தளங்களைப் பற்றி எச்சரிக்கும் வசதியைத் தனியுரிமை என்ற பெயரில் அணைக்காதீர்கள், அதில் வரும் லாபத்தைவிட ஆபத்து பெரிது. ஆண்ட்ராய்டு 9 முதல் போனின் நெட்வொர்க் அமைப்பில் பிரைவேட் டி.என்.எஸ். என்று ஒன்று இருக்கிறது. விளம்பரம் தடுக்கும் சேவை ஒன்றின் பெயரை அதில் கொடுத்தால் பிரவுசருக்கு வெளியே உள்ள செயலிகளிலும் கொஞ்சம் தொல்லை குறையும். வைஃபை லாகின் பக்கம் திறக்க அடம்பிடித்தால் மட்டும் அதைத் தற்காலிகமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில், ஆண்ட்ராய்டு என்றே எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கே பிரேவை நிறுவி முதன்மை பிரவுசராக வையுங்கள், குரோமை முகப்புத் திரையிலிருந்து எடுத்து உள்ளே தள்ளிவிடுங்கள், புக்மார்க்குகள் பிறகு வரட்டும். ஒரு வாரம் கழித்து எத்தனை முறை குரோமுக்குள் போனீர்கள், எதற்காகப் போனீர்கள் என்று பாருங்கள். வங்கிக்காக என்றால் அப்படியே இருக்கட்டும். படிக்க வசதியில்லை என்று போயிருந்தால் அடுத்த வாரம் ஃபயர்ஃபாக்ஸைப் போட்டு, முகவரிப் பட்டையைக் கீழே இறக்கி, யூபிளாக்கைச் சேர்த்து, வாசிப்பு முறையில் ஒரு நீண்ட கட்டுரையைத் திறந்து பாருங்கள். நான் மாறியது அப்படித்தான், அந்தக் கட்டுரை முடியும்போது.